சுங்கை சிப்புட் மண்சாலையும் ஐந்து தோட்டா ரிவால்வரும்: உங்கள் கருத்து தேவை

செம்பனைத் தராசு (சுங்கை சிப்புட்)
ஞாயிறு, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைக் (எண்ணெய்ப் பனை) குலை வாங்கி ஆலைக்கு அனுப்புவது என் தொழில். ஐந்து ஏக்கர், எட்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்களிடம் வாங்குகிறேன். அவர்களில் பாதிப் பேர் குலை தராசில் ஏறிய கையோடு ரொக்கத்தை எதிர்பார்ப்பவர்கள். ஆகவே வாரத்தில் மூன்று நாள் பணப்பையோடு மண்சாலையில் ஆறு கிலோமீட்டர் போய்வர வேண்டியிருக்கிறது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டு மோட்டார் சைக்கிளில் வந்த நால்வர் பாலத்தருகே எங்கள் லாரியை மறித்தார்கள். எல்லார் கையிலும் பாராங், நீளமான வெட்டுக்கத்தி. ஓட்டுநர் கதவைச் சாத்தக் கையை நீட்டினார். வலது முன்கையில் வெட்டு விழுந்தது. பதினெட்டுத் தையல். பணம் போனது போகட்டும். ரத்தம் வழிய அந்தப் பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தது இன்னும் என் தூக்கத்தில் வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் அவனைக் காப்பாற்ற எதுவும் இல்லை.

என் தம்பி ஹூஸ்டனில் இருக்கிறான். தினமும் கால்சட்டைப் பையில் ஒரு ரிவால்வரோடுதான் வெளியே போகிறான். "உரிமத்துக்கு எழுதிப் போடுங்கள் அண்ணா, ஐந்து தோட்டா போதும்" என்கிறான். இணையத்தில் தேடினால், ரிவால்வரின் காலம் முடிந்துவிட்டது, அது தாத்தாக்களின் ஆயுதம் என்று எழுதுகிறார்கள். இரண்டில் எது உண்மை? துப்பாக்கியைப் பழகியவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள். ஆறுதல் வார்த்தை வேண்டாம், தெளிவு வேண்டும்.

---

ஹூஸ்டன் தம்பி
ஞாயிறு, இரவு 11.15

நான்தான் அந்தத் தம்பி. அண்ணன் எழுதியதைப் பார்த்ததும் கணக்குத் திறந்துவிட்டேன்.

நான் வைத்திருப்பது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642. ஐந்து தோட்டா, .38 ஸ்பெஷல் என்ற தோட்டா வகை, இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான குழல், எடை ஏறக்குறைய 420 கிராம். தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதால் பையிலிருந்து எடுக்கும்போது துணியில் மாட்டாது. டெக்சஸ் வெயில் நம் ஊர் வெயிலுக்குச் சளைத்ததல்ல. மெல்லிய சட்டைக்குள் பெரிய பிஸ்டலை, அதாவது கைப்பிடிக்குள் பெட்டி செருகித் தோட்டா நிரப்பும் துப்பாக்கியை, மறைக்க முடியாது. இதுவோ கைப்பிடி வளைந்திருப்பதால் பைக்குள் பணப்பை போலக் கிடக்கும். இங்கே 2021 செப்டம்பரிலிருந்து, சட்டம் தகுதியற்றவர் என்று ஒதுக்காத 21 வயது நிரம்பிய எவரும் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். வைத்திருப்பது எளிது என்பதால்தான் எதை வைத்திருப்பது என்ற கேள்வி எனக்குப் பெரிதாகிறது.

பழையது என்பதற்காக நான் இதைக் கும்பிடவில்லை. ஒரு தோட்டா வெடிக்கவில்லையென்றால் பிஸ்டல்காரர் துப்பாக்கியின் மேல் நகரும் பாகமான ஸ்லைடை இழுத்து அதை வெளியேற்ற வேண்டும். நான் விசையை (ட்ரிகர்) மறுபடி இழுத்தால் தோட்டாக்கள் இருக்கும் உருளை சுழன்று அடுத்த தோட்டா வந்துவிடும். எதிராளி மேலே விழுந்து நெருக்கும்போது பிஸ்டலின் முனை அவன் உடம்பில் அழுந்தினால் ஸ்லைடு பின்னுக்குப் போய்ச் சுடாமல் நின்றுவிடக்கூடும். ரிவால்வருக்கு அந்தக் கவலை இல்லை. சட்டைப் பைக்குள் இருந்தபடியே ஐந்தையும் சுடலாம். அண்ணனின் லாரிக்குள் நடந்தது கையெட்டும் தூரத்துச் சம்பவம். அந்தத் தூரத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியவில்லை.

---

பழைய ஆயுதக்கிடங்கு (கோலகங்சார்)
திங்கள், காலை 7.05

தம்பி எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது பாதிதான். நான் துணைக் காவல்படையில் 26 ஆண்டுகள் இருந்தேன். கடைசி 11 ஆண்டுகள் ஆயுதக்கிடங்கில் வேலை. ரிவால்வர்களைத் துடைத்து, எண்ணி, பழுது பார்த்துக் கொடுத்தவன் என்ற முறையில் மீதிப் பாதியைச் சொல்ல எனக்குக் கடமை இருக்கிறது.

ரிவால்வர் திக்காது, அதாவது நடுவில் மாட்டி நிற்காது என்கிறார்கள். திக்கும். எரியாத வெடிமருந்துத் துகள் சிறிதளவு, தோட்டாக்களை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் சிக்கினால் போதும். உருளை மூடாது, மூடினாலும் சுழலாது. தள்ளுகோலின் மரை தளர்ந்தால் உருளையைத் திறக்கவே முடியாது. இந்த 420 கிராம் துப்பாக்கிகளில் இன்னொன்று உண்டு: உதைப்பின் வேகத்தில், இன்னும் சுடாத தோட்டாவின் ஈய முனை உறையிலிருந்து மெல்ல முன்னால் நழுவி உருளையைப் பூட்டிவிடும். பிஸ்டல் திக்கினால் தட்டி, இழுத்து, அங்கேயே சரிசெய்துகொள்ளலாம். ரிவால்வர் திக்கினால் பெரும்பாலும் அது பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

பராமரிப்பு எளிது என்பதும் அப்படித்தான். வெளியே துடைப்பது எளிது. உள்ளே பக்கத் தகட்டைக் கழற்றினால் கடிகாரம் போன்ற வேலைப்பாடு. எங்கள் கிடங்கில் கறுப்பு மெருகு போட்ட .38கள் இருந்தன. மழைக்காலத்தில் ஒருவர் தோல் உறையிலேயே பத்து நாள் விட்டுவிட்டால், வியர்வையும் ஈரமும் சேர்ந்து குழலின் ஓரத்தில் துரு பூத்திருக்கும். தோல் வாரில் செருகிய தோட்டாக்களில் பச்சைக் களிம்பு ஏறும். துருப்பிடிக்காத எஃகில் முதல் ரிவால்வரைத் தம்பியின் துப்பாக்கியைச் செய்த அதே கம்பெனி 1965இல் கொண்டுவந்தது. நம் ஊர்க் காற்றுக்கு அப்படிப்பட்டதுதான் தாங்கும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் விசை. சுத்தியலைப் பின்னுக்கு இழுப்பது, உருளையைச் சுற்றுவது, சுடுவது எல்லாம் ஒரே இழுப்பில் நடக்க வேண்டும். அதற்கு ஐந்து கிலோவுக்கு மேல் விரல் பலம் வேண்டும். துப்பாக்கியின் எடையோ அரைக் கிலோகூட இல்லை. தன் எடையைப் போல் பத்து மடங்குக்கு மேற்பட்ட பலத்தோடு இழுக்கும்போது முனை எப்படி அசையாமல் நிற்கும்? பழகிய கை அசைக்காமல் இழுக்கும். பழகாத கை ஒவ்வொரு முறையும் குண்டைக் கீழே இடப்பக்கம் தள்ளும். ஏழு மீட்டர் தூரத்தில் ஆள் உயர அட்டையில் ஆறில் ஐந்தைப் பதித்தவர்கள் எங்களில் இருந்தார்கள். அவர்கள் சுட்டது நான்கு அங்குலக் குழல், ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள மாடல் 10 ரிவால்வர். அதே ஆட்களின் கையில் குட்டைக் குழலைக் கொடுத்தபோது பாதிக் குண்டுகள் அட்டையைத் தொடவில்லை. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

பழகாதவர்களுக்கு ரிவால்வரே நல்லது என்று பலர் சொல்கிறார்கள். வைத்திருக்க எளிது, சுடக் கடினம் என்பேன் நான். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் தாங்களும் ஆபத்தில் மாட்டுவார்கள், பக்கத்தில் இருப்பவர்களையும் மாட்டுவார்கள். தராசு ஐயா, அந்த லாரிக்குள் உங்களுக்கும் வெட்டியவனுக்கும் நடுவில் உங்கள் ஓட்டுநர் இருந்தார். அதை மறந்துவிடாதீர்கள்.

---

செம்பனைத் தராசு
திங்கள், காலை 7.50

ஐயா, உங்கள் கடைசி வரியை நான்கு முறை படித்தேன். அதை நான் யோசிக்கவே இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். காப்பிக்கடையில் ஒருவர் காதோடு காதாக, உரிமத்துக்கு அலைய வேண்டாம், எல்லைப் பக்கத்திலிருந்து ஒன்று வரவழைத்துத் தருகிறேன் என்றார். நான் பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். ஆனால் அன்றிரவு முழுவதும் அந்த எண்ணம் என்னை விடவில்லை.

---

சட்டம் படித்தவள் (ஈப்போ)
திங்கள், மதியம் 1.10

நல்ல வேளை எழுந்து வந்தீர்கள், அண்ணன். இனி அந்தக் கடைப் பக்கமே போக வேண்டாம். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

உரிமமில்லாத துப்பாக்கிக்கு 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்திலேயே ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. அதற்கு மேல் 1971ஆம் ஆண்டின் சுடுகலன் கூடுதல் தண்டனைச் சட்டம் இருக்கிறது. அதன் 8ஆவது பிரிவின்படி, சட்டவிரோதமாக ஒரு துப்பாக்கியைக் கையில் வைத்திருந்தால் மட்டுமே 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத ரோத்தான் (பிரம்பு) அடியும். யாரையும் சுட வேண்டியதில்லை. தற்காப்புக்காக வைத்திருந்தேன் என்பது அங்கே எடுபடாது.

உரிமம் கொடுப்பதும் மறுப்பதும் மாநிலக் காவல்துறைத் தலைவரின் கையில். காட்டுப்பன்றிக்கும் குரங்குக்கும் பயிரைக் காக்கச் செனாப்பாங் (நீளத் துப்பாக்கி) உரிமம் வைத்திருக்கும் தோட்டக்காரர்களை நமக்குத் தெரியும். கைத்துப்பாக்கி உரிமம் அப்படிச் சாதாரணமாகக் கிடைப்பதல்ல. தம்பியின் ஊரில் அது உரிமை, இங்கே அனுமதி.

துப்பாக்கி கிடைத்தாலும் எப்போது சுடலாம் என்ற கேள்வி தனி. தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையான பிரிவுகள் தற்காப்புரிமையைச் சொல்கின்றன. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தால் தாக்குபவனின் உயிர் போகும் அளவுக்கும் அந்த உரிமை நீளும், 100ஆவது பிரிவு. கொள்ளை நடக்கும்போது 103ஆவது பிரிவும் துணைக்கு வரும். ஆனால் தேவைக்கு மேல் ஒரு துளி தீங்கும் செய்யக்கூடாது என்று 99ஆவது பிரிவு கட்டுகிறது. பையைப் பிடுங்கிக்கொண்டு மோட்டாரில் திரும்பி ஓடுகிறவனின் முதுகில் சுட்டால், தேவைக்கு மேல் போகவில்லை என்று மன்றத்தை நம்பவைப்பது மிகவும் கடினம். பதற்றத்தில் இருப்பவர் இந்தக் கோட்டை அரை விநாடியில் பார்த்தாக வேண்டும்.

---

ஜோகூர் பாலம்
திங்கள், மாலை 6.30

சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். அங்கே காவலர்கள் பல ஆண்டுகளாக டாரஸ் 85 என்ற ஐந்து தோட்டா ரிவால்வரைத்தான் இடுப்பில் வைத்திருந்தார்கள். ஜப்பானியக் காவலர்களின் நியூ நம்பு எம்60உம் ஐந்து தோட்டாதான். அவ்வளவு ஒழுங்கான காவல்துறைகளுக்குப் போதுமானது தராசு அண்ணனுக்குப் போதாதா?

---

பழைய ஆயுதக்கிடங்கு
திங்கள், இரவு 8.20

அந்தக் காவலர் இடுப்பில் ரிவால்வரோடு ரேடியோவும் இருக்கிறது, தம்பி. கூப்பிட்ட சில நிமிடங்களில் ஆள் வந்து சேரும். முறையாகச் சுடப் பழக்கியும் இருக்கிறார்கள். ஊரும் அமைதியான ஊர். செம்பனைக் காட்டுக்குள் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காத இடத்தில் தராசு ஐயா தனியாக இருக்கிறார். அதோடு, சிங்கப்பூரிலும் குளோக் பிஸ்டலுக்கு மாறத் தொடங்கிவிட்டார்கள்.

---

லயத்துப் பேரன் (சுங்கை சிப்புட்)
செவ்வாய், காலை 6.45

இந்த ஊரில் உட்கார்ந்து ரிவால்வரைப் பற்றிப் பேசும்போது 1948இன் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியைப் பேசாமல் இருக்க என்னால் முடியாது.

ஜூன் 16, காலை. எல்பில் தோட்டத்து அலுவலகத்துக்கு மிதிவண்டியில் வந்த மூன்று இளைஞர்கள் துரை ஆர்தர் வாக்கரைச் சுட்டுவிட்டுப் போனார்கள். சற்று நேரத்தில் இன்னொரு தோட்டத்தில் ஜான் அலிசன், இயன் கிறிஸ்டியன் என்ற இருவர். அன்றே பேராக்கில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இரண்டு நாளில் மலாயா முழுவதும். அது முடிய 1960 ஜூலை 31 ஆயிற்று.

என் தாத்தா அந்த ஆண்டுகளில் ஒரு தோட்டத்துத் துரையின் வண்டியோட்டி. சம்பள நாளில் வங்கியிலிருந்து பணப்பெட்டியை ஏற்றிவருவது அவர் வேலை. வண்டியின் பக்கங்களில் இரும்புத் தகடு அடித்திருந்தார்கள். துரையின் இடுப்பில் ரிவால்வர். பின்னால் இரண்டு சிறப்புக் காவலர்கள், கையில் .303 ரைபிள். தாத்தாவிடம் ஒன்றும் இல்லை. சிறுவயதில் நான் ஆசையோடு துரையின் ரிவால்வரைப் பற்றித்தான் கேட்பேன். அவர் சொல்வது எப்போதும் வேறு: ஒரே பாதையில் இரண்டு முறை போகமாட்டோம், ஒரே நேரத்தில் கிளம்பமாட்டோம், சம்பள நாள் எது என்று கணக்கு எழுதும் கிராணிக்கே முதல் நாள் இரவுதான் தெரியும். வளைவுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, பறவை கத்துகிறதா என்று கேட்பாராம். அத்தனை ஆண்டுகளில் துரை அந்த ரிவால்வரை உறையிலிருந்து எடுத்ததைத் தாத்தா இரண்டே முறைதான் பார்த்தார். இரண்டும் எண்ணெய் போடுவதற்காக.

1951 அக்டோபரில் பிரேசர் மலைச் சாலையில் மலாயாவின் பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னியையே சுட்டுக் கொன்றார்கள். காவல் வண்டி துணைக்கு வந்துகொண்டிருந்த ஆளுக்கே அந்த வளைவில் அது நடந்தது. தராசு அண்ணன், வாரத்தில் மூன்று நாள், ஒரே பாலம், ஏறக்குறைய ஒரே நேரம். உங்களை மறித்தவர்கள் உங்கள் கால அட்டவணையை உங்களைவிட நன்றாக அறிந்திருந்தார்கள் என்றே நினைக்கிறேன்.

---

தொழில்நுட்ப ஆசிரியர் (தைப்பிங்)
செவ்வாய், இரவு 10.00

ஹூஸ்டன் தம்பிக்கு ஒரு கேள்வி. ரிவால்வர் சிறியது, அதனால் மறைக்கலாம் என்ற வாதம் 2018 வரை சரி. அந்த ஆண்டில் சிக் சாவர் பி365 என்ற சிறிய பிஸ்டல் வந்தது. எடை அரைக் கிலோ அளவுதான், பெட்டியில் பத்துத் தோட்டா, 9 மில்லிமீட்டர். உங்கள் ரிவால்வரைவிடத் தட்டையானது, மாற்றுப் பெட்டி செருக இரண்டு விநாடி. ஐந்துக்குப் பதில் பத்து கிடைக்கும்போது ஐந்தை ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்? அண்ணனை மறித்தது நால்வர். ஐந்து தோட்டா, நான்கு பேர், நடுங்கும் கை, பதறும் மனம். கணக்கு உதைக்கிறது.

அமெரிக்கக் காவல்துறைகள் இந்தப் பாடத்தை ரத்தத்தில் படித்தன. 1970 ஏப்ரலில் கலிபோர்னியாவின் நியூஹாலில் நெடுஞ்சாலைக் காவலர் நால்வர் சில நிமிடங்களில் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் காலியான ரிவால்வரில் ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் சுடப்பட்டார். 1986 ஏப்ரல் 11இல் மயாமியில் எப்பிஐ அதிகாரிகள் எண்மர் இரண்டு கொள்ளைக்காரர்களோடு மோதியபோது இருவர் இறந்தார்கள், ஐவர் காயமடைந்தார்கள். கையில் குண்டு பட்ட ஓர் அதிகாரியால் தன் ரிவால்வரை மறுபடி நிரப்பவே முடியவில்லை. அதற்குப் பிறகுதான் நாடு முழுவதும் பிஸ்டலுக்கு மாறும் வேகம் கூடியது.

---

ஹூஸ்டன் தம்பி
புதன், அதிகாலை 2.10

மயாமியை முழுவதும் சொல்லுங்கள் ஐயா. அந்தச் சண்டையை முடித்துவைத்தது எட்மண்டோ மிரெலஸ் என்ற அதிகாரியின் ரிவால்வர். இடது கை சிதைந்த நிலையில், ஒற்றைக் கையால் முதலில் நீளத் துப்பாக்கியைச் சுட்டார். பிறகு ரிவால்வரோடு அவர்களை நோக்கி நடந்து ஆறு தோட்டாக்களையும் சுட்டார். ஒற்றைக் கையால் ஸ்லைடை இழுக்க வேண்டிய பிஸ்டல் திக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பத்துத் தோட்டா ஐந்தைவிட நல்லது. அதை மறுக்கவில்லை. என் மனைவியால் பி365இன் ஸ்லைடை நம்பிக்கையோடு இழுக்க முடியவில்லை; விரல் மூட்டுகளில் வாதம். எங்கள் வீட்டில் இருவரும் எடுக்கக்கூடிய ஒன்று வேண்டும் என்றுதான் இதை வாங்கினேன். ஆனால் ஆயுதக்கிடங்கு ஐயா சொன்ன ஐந்து கிலோ விசையைப் படித்ததிலிருந்து மனம் சரியில்லை. அவள் அதை இழுத்து நான் பார்த்ததே இல்லை.

---

பழைய ஆயுதக்கிடங்கு
புதன், காலை 6.15

பாருங்கள் தம்பி. இந்த வாரமே பாருங்கள். ஸ்லைடை இழுக்க முடியாத விரலால் அந்த விசையையும் ஐந்து முறை இழுக்க முடியாமல் போகலாம். ஸ்லைடை இரண்டு கையும் உடம்பும் சேர்த்து இழுக்கலாம். விசைக்கு ஒரே ஒரு விரல்தான். உருளையைத் திறந்து, ஐந்து அறையும் காலி என்று கண்ணால் பார்த்து, சுண்டுவிரலால் தொட்டும் பார்த்துவிட்டு, பாதுகாப்பான திசையில் வெறுமனே இழுக்கச் சொல்லுங்கள். காலியா இல்லையா என்பது ரிவால்வரில் ஒரே பார்வையில் தெரியும். பிஸ்டலில் பெட்டியைக் கழற்றிய பிறகும் குழலில் ஒன்று தங்கியிருக்கலாம். அப்படி உயிரை விட்டவர்கள் எத்தனையோ பேர். ரிவால்வரின் இந்தக் குணத்தை நான் என்றும் உயர்வாகத்தான் சொல்வேன்.

மெல்லிய துப்பாக்கிக்குக் கடுமையான தோட்டா வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முனை தட்டையான 148 கிரெயின் (ஏறக்குறைய 9.6 கிராம்) ஈயக் குண்டு உதைப்பைக் குறைக்கும். இரண்டாவது குண்டு இலக்கில் விழுவதற்கு அது உதவும். உருளைக்கும் குழலுக்கும் நடுவில் உள்ள மெல்லிய இடைவெளியில் சூடான வாயு பீறிடும். பிஸ்டல் பிடிக்கிற பழக்கத்தில் விரலை அங்கே கொண்டுபோக வேண்டாம் என்று உங்கள் மனைவியிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

---

புந்தோங் அக்கா
புதன், இரவு 9.30

எனக்குத் துப்பாக்கி தெரியாது. அவசரப் பிரிவில் 19 ஆண்டு தாதியாக இருந்தேன். பாராங் வெட்டு தெரியும்.

பெரும்பாலும் முன்கையிலும் விரல்களிலும்தான் விழும். உயர்த்தித் தடுக்கிற கை அது. அதாவது அந்த மனிதருக்கு எதையும் எடுக்க நேரம் இருந்திருக்காது. சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த டென்னிஸ் டியூலர் என்ற காவல் பயிற்றுநர் அளந்து பார்த்து 1983இல் எழுதினார்: கத்தியோடு ஓடிவருகிற ஒருவன் 21 அடியை ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவான். உறையில் இருக்கும் துப்பாக்கியை எடுத்துச் சுடப் பழகியவருக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகும். லாரியின் கதவுக்கு வெளியே நிற்கிறவன் 21 அடியில் இல்லை, இரண்டடியில் இருக்கிறான். ஆசனப் பட்டைக்குக் கீழே, கால்சட்டைப் பையில் கிடப்பதை உட்கார்ந்தபடி எடுத்துப் பாருங்கள் தம்பி தராசு. வெறும் கைப்பேசியை வைத்தே பாருங்கள்.

இன்னொரு பயமும் எனக்கு இருக்கிறது. பணத்தைப் பறித்தவர்கள் துப்பாக்கியையும் பறித்துக்கொண்டு போனால், அடுத்த வாரம் யாரோ ஒரு பிள்ளை என் பழைய வார்டுக்கு வெட்டுக் காயத்தோடு வரமாட்டான். வேறு காயத்தோடு வருவான். உங்களிடம் துப்பாக்கி இருப்பது ஊருக்குத் தெரிந்தால் அதற்காகவே வருகிறவர்களும் உண்டு.

ஓட்டுநரின் கை எப்படி இருக்கிறது? விரல்களை மடக்குகிறாரா? நரம்பும் தசைநாரும் அறுபட்டிருந்தால் உடற்பயிற்சி மருத்துவம் இப்போதே தொடங்க வேண்டும். தையல் பிரித்தாயிற்று என்று விட்டுவிடாதீர்கள்.

---

செம்பனைத் தராசு
வெள்ளி, இரவு 8.15

அக்கா, கேட்டதற்கு நன்றி. விரல்கள் முழுதாக மடங்கவில்லை. நேற்று மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். வாரம் இரண்டு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நீங்கள் சொன்னபடி கைப்பேசியைப் பையில் போட்டு, லாரியில் உட்கார்ந்து, பட்டையை மாட்டிக்கொண்டு, மகனைக் கதவுக்கு வெளியே நிறுத்தி, கையில் ஒரு ரூலரைக் கொடுத்துப் பார்த்தேன். பத்து முறை. பத்து முறையும் ரூலர் என் தோளைத் தொட்ட பிறகுதான் கைப்பேசி வெளியே வந்தது. அதில் இரண்டு முறை அது எதிராளியாக நின்ற மகனைப் பார்க்கவில்லை. ஓட்டுநரின் இருக்கையைப் பார்த்தது.

உரிமத்துக்கு எழுதப்போவதில்லை. ரிவால்வர் உதவாது என்பதால் அல்ல. தம்பியின் வாழ்க்கையில் அதற்கு ஓர் இடம் இருப்பது எனக்குப் புரிகிறது. மாதம் ஒருமுறையாவது சுட்டுப் பழகச் சுடுதளமும் தோட்டாவும் உள்ளவருக்கு அது துணை. எனக்கு இந்த ஊரில் அந்த இரண்டும் இல்லை. பழகாத கையில் அது இருப்பதைவிட இல்லாமல் இருப்பதே என் பக்கத்தில் உட்காருகிறவருக்கு நல்லது.

சிறுதோட்டக்காரர்கள் 31 பேரில் 22 பேரின் வங்கிக் கணக்கு எண்ணை இந்த வாரம் வாங்கிவிட்டேன். இனி அவர்களுக்குத் தராசுச் சீட்டும் கைப்பேசியில் ரசீதும் மட்டும். மீதி ஒன்பது பேர் வயதானவர்கள். கையில் நோட்டைப் பார்த்தால்தான் அவர்களுக்கு நம்பிக்கை. அவர்களை டவுனுக்கு வரச் சொன்னேன், வண்டி அனுப்புகிறேன் என்றேன். ஏழு பேர் ஒத்துக்கொண்டார்கள். லயத்துப் பேரனின் தாத்தா சொன்னபடி நாளையும் நேரத்தையும் மாற்றிவிட்டேன். பாலத்து வழியை விட்டுவிட்டு, நான்கு கிலோமீட்டர் சுற்றானாலும் பள்ளிக்கூடத்துப் பாதையில் போகிறோம்.

---

ஹூஸ்டன் தம்பி
சனி, காலை 5.50

அண்ணா, நல்ல முடிவு. உங்களை அவசரப்படுத்தியது தவறு என்று இப்போது தெரிகிறது. மன்னித்துவிடுங்கள்.

ஆயுதக்கிடங்கு ஐயா, நேற்று இருவரும் சுடுதளத்துக்குப் போனோம். ஐந்து மீட்டரில் ஒரு காகிதத் தட்டு. நான் இருபத்தைந்து சுட்டதில் பதினாறு தட்டில் விழுந்தது. மூன்று ஆண்டாகத் தினமும் பையில் வைத்திருக்கிறேன். கடைசியாக எப்போது சுட்டேன் என்று யோசித்தால் போன ஆண்டு தீபாவளிக்கு முன். என் மனைவியால் மூன்றாவது இழுப்புக்கு மேல் முடியவில்லை; இரண்டு கைவிரலையும் சேர்த்து இழுத்தாள், முனை கூரையை நோக்கிப் போனது. அங்கே இருந்த பயிற்றுநர், ஸ்லைடு லேசாக இழுபடும்படி செய்த ஷீல்டு ஈசி என்ற பிஸ்டலைக் கொடுத்தார். அவளே இழுத்தாள், அவளே நிரப்பினாள், எட்டில் ஏழு தட்டில். வீட்டுக்கு அதை வாங்குகிறோம். என் பையில் ரிவால்வர் தொடரும்; மாதம் ஐம்பது தோட்டா சுடுவதாகப் பயிற்றுநரிடம் பெயர் கொடுத்துவிட்டேன்.

---

பழைய ஆயுதக்கிடங்கு
சனி, காலை 6.30

இருபத்தைந்தில் பதினாறு என்று உண்மையைச் சொன்னதற்கு மகிழ்ச்சி, தம்பி. அடுத்த மாத எண்ணிக்கையையும் இங்கே எழுதுங்கள். தட்டில் விழாத ஒன்பதும் எங்கே விழுந்தன என்று பார்த்தீர்களா? கீழே இடப்பக்கமாக இருந்தால் விசை. சிதறியிருந்தால் பிடி.

---

ஹூஸ்டன் தம்பி
சனி, காலை 6.42

ஏழு கீழே இடப்பக்கம். இரண்டைக் காணவில்லை.

---

செம்பனைத் தராசு
திங்கள், இரவு 7.30

அக்காவுக்கு ஒரு செய்தி. ஓட்டுநர் இன்று வேலைக்கு வந்தார். வீட்டில் இருக்கச் சொன்னேன், கேட்கவில்லை. சுட்டுவிரலும் நடுவிரலும் மடங்குகின்றன. மற்ற இரண்டும் இன்னும் விறைத்தே இருக்கின்றன. அதனால் லாரியை நான் ஓட்டுகிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து எடைக் கணக்கு எழுதுகிறார், இடது கையால். எழுத்து கோணலாக இருந்தாலும் கணக்கு ஒரு கிலோகூடப் பிசகவில்லை.